தாய்மாமன் பேனரும் ஒரு ரைபிளும்

1

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. பதற வேண்டாம். வரச் சொல்லி நானேதான் மனு போட்டிருந்தேன்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன ஊரில். இங்கே துப்பாக்கிக்கு அல்ல, அதை வைத்துக்கொள்ளும் ஆளுக்குத்தான் லைசென்ஸ். பத்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து, நம்மையும் நம் மனைவியையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார். அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நம்மைத் தெரிந்த ஒருவரைப் போய்ப் பார்த்து, இவன் எப்படிப்பட்டவன் என்று விசாரிப்பார்.

இந்த முறை வந்தது ஒரு பெண் அதிகாரி. வாசலிலேயே, யாரும் சொல்லாமல், ஷூவைக் கழற்றி வைத்தாள். "வாங்க சார்" என்றேன். போலீஸ் என்று தெரிந்ததும் என் வாயில் தானாக வருவது அந்தச் சொல்தான். இத்தனை வருடத்தில் அது போகவில்லை. அவள் சிரித்துவிட்டு உள்ளே வந்தாள்.

என் மனைவி லில்லியைச் சமையலறையில் வைத்து விசாரித்தாள். உங்கள் கணவருக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, உங்களுக்கு அவரிடம் பயம் உண்டா? லில்லி சொன்ன பதில் எனக்குக் கூடம் வரை கேட்டது. "கோபம் நல்லா வரும். ஆனா துப்பாக்கி ஒரு அலமாரியில, அது இல்லாம சுட முடியாத போல்ட்டு இன்னொரு அலமாரியில, சாவி வேற எங்கியோ. அவரு சாவியத் தேடி எடுக்குறதுக்குள்ள கோபம் போயிரும்." இதை அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டாள்.

பிறகு என் ரைபிளைக் காட்டச் சொன்னாள். எடுத்து மேசைமேல் வைத்தேன். கையை நீட்டியவள் பாதியில் நிறுத்தி, "தொடலாமா?" என்று கேட்டாள்.

ரைபிளை அவள் பக்கம் நகர்த்தினேன். அந்த ஒரு சொல் எனக்குப் பெரிது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"இந்தக் கட்டை யார் செய்தது?"

"நான்."

கட்டைவிரலால் மரத்தைத் தடவிப் பார்த்தாள். குழலில் பொறித்திருந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. "இந்த ரைபிளால் எப்போதாவது, எங்கேயாவது, போலீஸ் பிரச்சினை வந்ததுண்டா?"

லில்லி கூரையைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "வந்தது. ஆனால் அப்போது ரைபிள் இதே அலமாரியில்தான் பூட்டியிருந்தது. பிரச்சினை எங்கள் ஊரில், மகாபலிபுரத்துக்குப் பக்கத்தில்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். முழுக் கதையையும் சொன்னேன். ஆனால் சொன்னதில் சூடு இல்லை. கோபப்படும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் போதாது. அதனால்தான் இப்போது உங்களிடம் தமிழில் எழுதுகிறேன்.

2

எங்கள் காலனி திருவிடந்தைக்கும் முட்டுக்காட்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. என் அப்பா காலம் வரை ஊர்ப் பெரிய வீட்டின் நிலத்தில் கூலி வேலை. நான் எட்டாவதோடு நின்றேன். வாத்தியார் அடித்து நிற்கவில்லை, வறுமையால் என்று சொல்வதும் முழுக்க உண்மையில்லை. ஒரு இடத்தில் உட்கார என்னால் முடியாது, அவ்வளவுதான்.

பெரிய வீட்டில் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. காட்டுப் பன்றியிடமிருந்து பயிரைக் காப்பாற்ற என்று சொல்லி லைசென்ஸ் வாங்கியது. அந்தத் துப்பாக்கி பன்றியைச் சுட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. கூலி கொடுக்கும் நாளில் பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து அதை மடிமேல் வைத்துக்கொள்வார். யாரையும் குறி பார்க்க மாட்டார். சும்மா மடிமேல் கிடக்கும். கூலி குறைகிறது என்று கேட்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

தொண்ணூறுகளில் சாலை அகலமானது, நிலம் விலையேறியது. பெரியவர் கடல் பக்கத்து நிலங்களை ரிசார்ட்டுக்காரர்களுக்கு விற்றுவிட்டு முட்டுக்காட்டில் ஒரு பங்களா கட்டினார். நான் அப்போது ஒரு மேஸ்திரியிடம் மர பாலிஷ் வேலை செய்துகொண்டிருந்தேன். உப்புத்தாள் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தால் கதவில் முகம் தெரிய இழுக்கும் வேலை. அந்தப் பங்களாவின் கதவுகளுக்கு பாலிஷ் போட மேஸ்திரி என்னைக் கூட்டிப் போனார்.

கூடத்தில், சுவரில் இரண்டு பித்தளைக் கொக்கிகளில் அந்த ரெட்டைக்குழல் தொங்கியது. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதன் கட்டை காய்ந்து வெடித்திருந்தது. உப்புக் காற்றுக்கு எண்ணெய் காட்டாத மரம் அப்படித்தான் ஆகும். என் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. வேறொன்றும் யோசிக்கவில்லை. இறக்கி, வெடித்த இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எவன்டா அதுல கைய வச்சவன்?"

பெரியவர் வாசலில் நின்றார். மேஸ்திரி ஓடி வந்து, "பையன் தெரியாம எட்த்துட்டாங்கய்யா" என்றார். பெரியவர் என்னை அடிக்கவில்லை. திட்டக்கூட இல்லை. வீட்டு வேலைக்காரரைக் கூப்பிட்டு, மண்ணெண்ணெய்த் துணி எடுத்துவந்து நான் பிடித்திருந்த இடத்தைத் துடைத்து மாட்டச் சொன்னார். அந்த ஆள் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மிச்சக் கதவுகளுக்கு பாலிஷ் போட்டேன். அந்தக் கதவுகளைப் பிடித்துத்தான் அவர்கள் தினமும் திறந்து மூடினார்கள், அதற்கு மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை.

3

அதன் பிறகு நான் அலைந்த ஊர்களைச் சொன்னால் பக்கம் போதாது. துபாயில் ஷட்டரிங், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, நடுவில் ஊருக்கு வந்து கேளம்பாக்கத்துப் பெண் லில்லியைக் கல்யாணம் செய்துகொண்டது. கடைசியில் ஒரு ஏஜெண்டு மூலம் இங்கே, ஜன்னல் கதவு செய்யும் ஒரு மரப் பட்டறையில் வேலை. தொழிலாளர் முகாம்களில் இருபது பேர் ஒரு அறையில் படுத்ததும், பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்ததும் எல்லோருக்கும் நடப்பதுதான். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

பட்டறையில் என் பக்கத்து மேசைக்காரன் காலின். இங்கே காலின் மாதிரி ஆட்களுக்கு மான் வேட்டை என்பது நம்மூரில் ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போவது மாதிரி. மான்கள் பெருகி மலையை மொட்டையடிக்கின்றன என்று அரசாங்கமே சுடச் சொல்கிறது. அவன் என்னைக் கூட்டிப்போனான். எனக்குச் சுடுவதில் பெரிய ஆசை வரவில்லை. அவன் தோளில் கிடந்த துப்பாக்கியின் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவனே செய்தது என்றான்.

"செய்யலாமா? போலீஸ் விடுவானா?"

"லைசென்ஸ் வாங்கு. அப்புறம் உன் வீட்டில் நீ எந்த மரத்தைச் செதுக்கினால் யாருக்கு என்ன?"

வாங்கினேன். சில வருடம் கழித்து, ஊரில் ஒரு கிழவர் இறந்துபோக, அவர் பெண்சாதி அவருடைய பழைய போல்ட் ரைபிளை விற்றாள். கட்டை உளுத்துப்போயிருந்தது. குழலும் போல்ட்டும் மட்டும் நன்றாக இருந்தன. ஒரு வால்நட் மரப் பலகை வாங்கி வந்து வேலையைத் தொடங்கினேன்.

இதில் கடினமான வேலை, இரும்பை மரத்துக்குள் உட்காரவைப்பது. இரும்பு எங்கே இடிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் பூசி, மரத்தில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். கரி ஒட்டிய இடம்தான் இடிக்கும் இடம். அதை மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி கரி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சீவல். கொஞ்சம் அவசரப்பட்டு ஆழமாகச் சீவினால் இரும்பு ஆடும், ஆடினால் குறி தப்பும், மொத்தப் பலகையும் விறகு. வாழ்நாளில் எந்த ஊரிலும் பொறுமையாக உட்காராத நான், ஒரு குளிர்காலம் முழுக்க இதற்காகக் கார் ஷெட்டில் உட்கார்ந்தேன். லில்லிக்கே ஆச்சரியம். "இந்தப் பொறுமைல கால்வாசி புள்ளைங்க பாடத்துல காட்டக்கூடாதா?" என்பாள்.

மெருகு போடும்போது ஒரு தப்பு செய்தேன். காலின் எண்ணெய் போடச் சொன்னான். நான் கேட்கவில்லை. பாலிஷ் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும் என்று, முட்டுக்காட்டுப் பங்களாக் கதவுக்குப் போட்ட அதே அரக்கு பாலிஷை இழுத்தேன். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. மலைக்கு எடுத்துப்போன முதல் நாளே மழை. மரம் முழுக்க வெள்ளைத் தேமல் பூத்துவிட்டது. அதற்கும் முன்னால், வெயில் அடித்த பத்து நிமிடத்தில், அது கண்ணாடி மாதிரி மின்னி மான் கூட்டத்தையே விரட்டியிருந்தது. காலின் பாறைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ செய்தது துப்பாக்கி இல்லை, சாப்பாட்டு மேசை" என்றான்.

எல்லாவற்றையும் சுரண்டினேன். ஈரத்துணி காட்டி, எழும்பிய நாரை உப்புத்தாளில் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்தேன். காயவிட்டு மறுபடி. வாரக்கணக்கில். கடைசியில் மரம் மின்னவில்லை. ஆனால் உள்ளே இருந்த ரேகை, கடலோரத்தில் அலை இறங்கிய மணல் மாதிரி, மேலே வந்து நின்றது.

அன்றைக்கு என் மகள் ஷீலா புதுக் கேமராவோடு வந்தாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. என்னோடு ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் எட்டு ஆங்கிலம். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டு வரச் சொன்னாள். நான் ரைபிளை நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்து நிற்க, பின்னால் மலை தெரிய எடுத்தாள். "டாட், ஸ்மைல். நீ ஏன் போலீஸ்ல போட்டோ எடுக்குற மாரி நிக்கிற?" என்றாள். சிரித்தேன். நல்ல படம். என் வாழ்க்கையில் நான் நன்றாக விழுந்த படம் அது ஒன்றுதான். அத்தைக்கு அனுப்பு என்றேன், அனுப்பினாள்.

4

அத்தை என்றால் என் தங்கை கன்னியம்மா. அதே காலனியில் இருக்கிறாள். அவள் புருஷன் ஏழுமலை ஒரு பெரிய தொழிற்சாலையில் காண்டிராக்ட் தொழிலாளி. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். பாஸ் இல்லாமல் உள்ளே ஈ நுழைய முடியாத இடம் அது. அந்தப் பாஸ் வருடா வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும், அதற்கு உள்ளூர்க் காவல் நிலையம் இந்த ஆள்மேல் ஒன்றுமில்லை என்று எழுத வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஊரிலேயே இருந்து முதல் முதலாக மாதச் சம்பளம் பார்த்தவன் அவன்தான்.

அவர்கள் மகள் வெண்ணிலா பெரியவளானாள். மஞ்சள் நீராட்டு விழா. நான் தாய்மாமன். தாய்மாமன் சீர்த்தட்டோடு முன்னால் நடந்து வரவேண்டிய விழா அது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் வராத வீடு என்று நாளைக்கு ஒருத்தன் வெண்ணிலாவைப் பேசிவிடக் கூடாது என்பது ஏழுமலையின் கவலை. அவன் செய்த ஏற்பாடு: தாய்மாமனை பிளெக்ஸ் பேனரில் அச்சடித்து, சீர்வரிசைக்கு முன்னால் நான்கு பேர் தூக்கி வருவது. விழா வரைக்கும் அது மெயின் ரோட்டு முனையில் நிற்கும்.

போனில் அவனே சொன்னான். "மச்சான், ஒன் போட்டோ எத்தினி குட்த்தாலும் பிளெக்ஸ் கடக்காரன் வாணாம்ன்னுட்டான். பெரிசு பண்ணா மூஞ்சி கலங்குதாம். ஒங்க பாப்பா அனுப்ச்சது ஒண்ணுதான் க்ளியரா கீது. துப்பாக்கியோட சும்மா ஹீரோ மாரி கீற மச்சான்!"

"துப்பாக்கிய வெட்டிட்டுப் போடுடா மாப்ள."

"வெட்னா ஒன் கையும் சேந்து போவுதே. கையில்லாத தாய்மாமனா சீர் தூக்கினு வருவான்?"

நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பேனரில் ஆளுயரத்துக்கு மேல் நான். தலைக்கு மேலே "நியூசிலாந்து தாய்மாமன்". கீழே வெண்ணிலாவின் சின்னப் படமும், வாழ்த்தும் நண்பர்கள் பட்டியலும்.

அதே முனையில், பேனருக்குப் பின்னால் இருந்த சுவரில், இரண்டு கையிலும் பிஸ்டலோடு ஒரு சினிமாக் கதாநாயகன் போஸ்டரில் நின்றான். பக்கத்தில் ஆளுயர வீச்சரிவாளோடு இன்னொருவன். ஒரு கட்சிக்காரர் தன் பிறந்தநாளுக்குப் புலிமேல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் போகிற யாருக்கும் அவர்களால் பயம் வரவில்லை. காலனிக்காரன் ஒருத்தன், தான் செய்த பொருளைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு நின்றதுதான் ஊரின் அமைதியைக் கெடுத்ததாம். முட்டுக்காட்டுக்குப் போன பிறகும் விற்காமல் வைத்திருந்த பெரிய வீட்டின் காம்பவுண்டுச் சுவர் அந்த முனைக்கு எதிரே இருக்கிறது. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இப்போது அவர் மகன். காலனி ஆட்கள் துப்பாக்கி காட்டி மிரட்டுகிறார்கள் என்று அவன் ஸ்டேஷனில் சொல்லிவிட்டான்.

விழாவுக்கு முந்தின நாள் ஜீப் வந்தது. பேனரை இறக்கினார்கள். ஏழுமலையை ஏற்றினார்கள்.

5

ஸ்டேஷனில் ஏழுமலை சாயங்காலம் வரை சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு கான்ஸ்டபிள் ஒரு அறை விட்டார். கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: துப்பாக்கி எங்கே? வீட்டில் அரிசிப் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். விழாவுக்கு வாங்கி வைத்த தேங்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார்கள். மூலையில் உட்காரவைத்திருந்த வெண்ணிலாவை எழுப்பி, அவள் உட்கார்ந்திருந்த பாயைத் தூக்கிப் பார்த்தார்கள்.

தங்கை போன் செய்ததும் நான் ஸ்டேஷனுக்கே போன் போட்டேன். இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சார், நான்தான் பேனர்ல இருக்குற ஆளு. அந்தத் துப்பாக்கி நியூசிலாந்துல என் வீட்டு அலமாரியில பூட்டி இருக்கு. லைசென்ஸ் இருக்கு."

"அங்க இருந்தா இங்க ஏன்யா பேனர்ல இருக்கு?"

"அது படம் சார்."

"படம்னு எனக்குத் தெரியாதா? நீ போலீஸுக்குப் பாடம் நடத்துறியா? எந்த ஊருய்யா நீ?"

சொன்னேன். "ஓ, காலனியா" என்றார். அதற்குப் பிறகு 'யா' கூட வரவில்லை, 'டா'தான்.

கேஸ் போடவில்லை. போட எந்தச் சட்டமும் இல்லை. அதனால் ஏழுமலையை அனுப்பிவிட்டார்கள். விழா தாய்மாமனும் இல்லாமல், பேனரும் இல்லாமல் நடந்தது. ஆனால் அடுத்த மாதம் பாஸ் புதுப்பிக்கப் போனபோது ஸ்டேஷன் கையெழுத்துப் போடவில்லை. "துப்பாக்கி மேட்டர் பெண்டிங்" என்றார்கள். கேஸே இல்லாத மேட்டர் எப்படிப் பெண்டிங் ஆகும்? காண்டிராக்டர் ஏழுமலையை வெளியே நிறுத்தினான். இரண்டு மாதம் பார்ப்பேன், அதற்குள் பாஸ் வரவில்லையென்றால் வேறு ஆள் என்றான்.

நான் டிக்கெட் எடுத்துப் போனேன்.

காலனியில் கால் வைத்ததும் தங்கை பிடித்துக்கொண்டாள். "ண்ணா, அந்த இன்ஸ்பெட்டரு ஒரு வழி சொல்றாரு. அது பொம்மத் துப்பாக்கின்னு நீ ஒரு தபா எழ்திக் குட்த்துட்டா கையெழ்த்துப் போட்றாராம்."

"பொம்மையா? ஒரு குளிர்காலம் முழுக்க உக்காந்து செஞ்சேன், கன்னியம்மா."

ஏழுமலை சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "வாணாம் மச்சான். நான்தான அந்தப் போட்டோவப் போட்டேன்? பாஸ் போனா போவட்டும். கோவளத்துல மீன் லோடு ஏத்திப் பொழ்ச்சிக்கிறேன். நீ பொம்மன்னு எழ்தாத."

"நீ சும்மா இர்ரியா?" தங்கை அவன் பக்கம் திரும்பினாள். "லோடு ஏத்தி இடுப்பு போயித்தான எங்கப்பன் செத்தாரு. ரெண்டு பேருக்கும் ரோஷம் பொத்துக்கினு வருது. ண்ணா, ஒன் ரோஷத்த அங்க அலமாரில பூட்டி வச்சிக்க. அது பொம்மையா நெசமான்னு எனுக்கு இன்னா? இவரு காலைல பாஸ மாட்டிக்கினு கெளம்பணும். எனுக்கு அதான் வோணும்."

வெண்ணிலா உள்ளேயிருந்து என்னைப் பார்த்தாள்.

6

ஸ்டேஷன் வளாகத்துக்குள் நுழைந்ததும் நான் என்னைப் பார்த்தேன். பிடித்து வைத்திருந்த மோட்டார் சைக்கிள் வரிசை மழையில் நனையாமல் இருக்க, மேலே பேனரைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். ரைபிளும் நானும் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஊரின் அமைதியைக் கெடுத்த படம், ஸ்டேஷன் வாசலில், பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி.

உள்ளே பெரிய வீட்டு மகன் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். தேர்தல் நேரம். லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். மேசைமேல் அந்த ரெட்டைக்குழல் கிடந்தது. அதே கட்டை. வெடிப்பு இன்னும் பெரிதாகி, ஒரு இடத்தில் சைக்கிள் டியூப் போட்டுச் சுற்றியிருந்தார்கள். இத்தனை வருடமாக அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் காட்ட அந்த வீட்டில் ஆள் இல்லை. நான் அதைப் பார்ப்பதைக் கான்ஸ்டபிள் பார்த்துவிட்டு, "மேசையாண்ட வராத, தள்ளி நில்லு" என்றார்.

தள்ளி நின்றேன். நின்றபடியேதான் எழுதினேன், எனக்கு நாற்காலி போடவில்லை. "நான் செய்தது கட்டை மட்டும்தான் என்று எழுதவா சார்?" என்று கேட்டுப் பார்த்தேன். அது பொய்யில்லை.

"கட்டையும் வேணாம் கிட்டையும் வேணாம். விளையாட்டு பொம்மைன்னு எழுது. பொம்மைன்னா எனக்கும் தொல்லை இல்ல, உனக்கும் தொல்லை இல்ல."

எழுதினேன். படத்தில் என் கையில் இருப்பது விளையாட்டு பொம்மை. கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, பெரிய வீட்டு மகனைப் பார்த்து, "பொம்மைதான் சார்" என்றார். அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டிய பிறகுதான் ஏழுமலையின் தாளில் முத்திரை விழுந்தது. ஒரு அரசாங்க முத்திரை யாருடைய தலையாட்டலுக்குக் காத்திருக்கிறது என்பதை உங்களில் யாராவது படித்தவர்கள் எனக்கு விளக்கினால் நல்லது.

வெளியே வரும்முன் கேட்டேன். "பொம்மைதானே சார், பேனரைக் குடுத்துடுங்க. எடுத்துட்டுப் போறேன்."

"அது எவிடென்ஸ்."

"கேஸே இல்லையே சார்."

"கேஸ் இருந்தா கோர்ட்டுல கேட்டு வாங்கிக்கலாம். கேஸ் இல்லையே, எப்படிக் குடுக்கறது?"

பெண் அதிகாரியிடம் இந்த இடம் வரை சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி என் லைசென்ஸைப் பற்றி இல்லை. "உங்கள் மைத்துனருக்குப் பாஸ் கிடைத்ததா?"

கிடைத்தது என்றேன். அடுத்த நாளே வேலைக்குப் போனான். இப்போதும் போகிறான். அவள் தலையாட்டிவிட்டு, தன் தாளில் "ரைபிள், நல்ல நிலையில்" என்று எழுதினாள். அதன் கீழும் நான் கையெழுத்துப் போட்டேன், உட்கார்ந்துகொண்டு. அறை வாசலில் நின்று ஷீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அதிகாரி போன பிறகு, "ஆனா டாட், நீதான அத செஞ்ச?" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் முழுதாகத் தமிழில் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். நான் எண்ணெய்த் துணியால் கட்டையை ஒரு தடவை துடைத்து, ரைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நேற்று ஏழுமலைக்குப் போன் செய்தேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான்.

"மச்சான், ஸ்டேஷனத் தாண்டிக்கினுதான் கீறேன். ஒன் பேனரு இன்னும் வண்டிங்க மேலத்தான் கீது."

"இன்னுமாடா? வெயில்ல மக்கிப் போயிருக்குமே."

"ஆமா. ஒன் மூஞ்சி சுத்தமா வெளுத்துப் போச்சு. என் பொண்ணு மூஞ்சியும் போச்சு. எழ்த்து கூட ஒண்ணும் இல்ல." பஸ் ஹாரன் சத்தத்துக்கு மேலே அவன் குரல் வந்தது. "துப்பாக்கி மட்டும் அப்பிடியே கீது மச்சான். ரோட்டப் பாத்துக்கினு."